தராசும் மீஸானும்

மனித உடல் வல்ல நாயன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகும். அதனைப் பேணிக் காப்பது நம்மீது கடமை. அதனை இகழ்வதோ ஒப்படைத்தவனையே இகழ்வது போன்றதாகும். இவ்விரண்டையும் ஒருசேர நினைவிற் கொள்வோர் நம்மிடையே அருகி வருகின்றனர். தம் உடலைப் பேண மறந்தவர்களே பிறர் உடலை எள்ளி நகையாட முந்துவதையும் காண்கிறோம்.

பொருநைக் கரையிலுள்ள நமது ஆழ்வார்திருநகரியைச் சூழ நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் இன்றும் உள்ளன. முந்தைய தலைமுறையினர் நாற்று நட்டனர். உரலில் நெல் குத்தினர். காத வழியையும் நடந்தே கடந்தனர். அவர்கள் உண்ட சோறு உழைப்பில் கரைந்தது. இன்று உழைப்பை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. சோற்றின் குவியல் மட்டும் குறையவில்லை. திருச்செந்தூர் ரயிலேறிக் காயல்பட்டினத்துத் திருமணங்களுக்குச் சென்றால், ஒரே சஹனில் கைநனைத்து உண்ணும் அந்தச் சகோதரத்துவம் நெஞ்சை நிறைக்கிறது. ஆனால் களரிக்கறி வயிற்றையும் அளவின்றி நிறைத்துவிடுகிறதே! பகலெல்லாம் பசித்திருந்து, இஃப்தாருக்குக் கஞ்சியுடன் வடையும் சமோசாவும் வரம்பின்றி உண்டு, பெருநாளன்று எடை கூடி நிற்போரும் உண்டு.

இது நம் சமூகத்தின் கதை மட்டுமன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மிகை எடையுள்ள பெண்கள் 2015-16இல் நூற்றுக்கு 30.9 பேர், 2019-21இல் 40.4 பேர். ஆண்களிலோ 28.2 என்பது 37 ஆயிற்று. அதே 2019-21இல் எடை குறைந்து மெலிந்த பெண்களும் நூற்றுக்கு 12.6 பேர் இருந்தனர்.

இக்கணக்கிற்கு அடிப்படையான அளவுகோலை 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய அறிஞர் அடோல்ஃப் கெட்லே வகுத்தார். கிலோவில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். தனி ஒருவரின் நலத்தை மதிப்பிடுவது அவருடைய நோக்கமன்று. மக்கள் தொகுதியின் பொது இயல்பை அறியவே அவர் அதனைக் கண்டார். உலகளவில் 25ஐத் தாண்டினால் மிகை எடை என்பர். இந்தியர்க்கோ 23லேயே மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 59 கிலோ. நம்மவருக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு எளிதிற் சேர்ந்து, சர்க்கரை நோய் முன்னதாகவே வந்துவிடுவதே இதற்குக் காரணம். ஆதலால் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் உள்ளாக இருப்பது நன்று என்பர். இந்த எண்கள் எச்சரிக்கைகளே. எவருடைய தகுதிக்கும் எழுதப்பட்ட தீர்ப்புகள் அல்ல.

ஆயினும் நம் வீட்டுத் திண்ணைகளில் தீர்ப்புகள் அன்றாடம் வழங்கப்படுகின்றன. மெலிந்த சிறுவன் ‘ஈர்க்குச்சி’ ஆகிறான். பருத்த சிறுமி ‘பூசணிக்காய்’ ஆகிறாள். நம்மிடம் ஓதிய பெண்ணொருத்தியைப் பார்க்க வந்தவர்கள், “பெண் கொஞ்சம் பருமன்” என்று சொல்லிச் சென்றனர். அன்று முதல் அவள் இரவு உணவைத் துறந்தாள். பின்னர்ப் பகல் உணவையும் குறைத்தாள். ஒருநாள் சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்கையில் மயங்கி விழுந்தாள். “ஹஸ்ரத், முப்பது நோன்பிலும் இவள் இப்படிச் சோர்ந்ததில்லை” என்று அவளுடைய உம்மா கண்கலங்கினார். உடலில் இரத்தம் குறைந்துவிட்டதென்று மருத்துவர் கூறினார். ஒற்றைச் சொல் செய்த வேலை அது! இப்போது அவள் வேளைக்கு அளவாக உண்கிறாள். காலையில் உம்மாவுடன் ஆற்றங்கரை வரை நடக்கிறாள். எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் முகத்தில் தெளிவு திரும்பியிருக்கிறது.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மரத்தில் ஏறியபோது, அவர்களுடைய மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தனர். அக்கால்கள் மறுமையின் மீஸானில் உஹது மலையினும் கனமானவை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் பெருமானார் ஓட்டப் பந்தயம் வைத்ததையும் அறிவோம். முதலில் அன்னையார் வென்றார்கள். பின்னாளில் உடல் பருத்திருந்தபோது பெருமானார் வென்று, அன்றைக்கு இது சரியாயிற்று என்று நகைத்தார்கள். பருமனைக் காட்டி ஏளனம் இல்லை. கூடி ஓடும் அன்பே இருந்தது. ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் இட்டழைப்பதையும் ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருக்கிறது. பெருந்தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியைக் காட்டி வள்ளுவர் உணர்த்தியதும் உருவத்தால் எவரையும் எடைபோடலாகாது என்பதையன்றோ?

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது நபிவழி. அவ்வழியில், சோற்றைச் சற்றுக் குறைத்துக் கீரை, காய், பயறு, மீன் ஆகியவற்றைக் கூட்டுவோம். சுபுஹுக்குப் பின் அரைமணி நேரம் நடப்போம். விருந்தினரை மேலும் மேலும் உண்ணும்படி வற்புறுத்துவதை விடுவோம். திடீரென எடை கூடினாலோ குறைந்தாலோ மருத்துவரை நாடுவோம். தைராய்டு முதலிய நோய்களும் அதற்குக் காரணமாகலாம். பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் குணத்தையும் மார்க்கப் பற்றையும் விசாரிப்போம். உடலைப் பற்றிய விமர்சனத்தை வாசலிலேயே விட்டுச் செல்வோம்.

கடைத் தராசு காட்டுவது கிலோவை மட்டுமே. மனிதனின் மதிப்பை நிறுக்கும் மீஸான் இறைவனிடம் உள்ளது. நம் உடல்களுக்கு ஆஃபியத்தையும், நம் நாவுகளுக்கு அடக்கத்தையும் வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.