தை ஐந்து, தென்பெண்ணைக் கரை

ஜனவரி 10, 2025, வெள்ளி

பள்ளியில் இன்று சமத்துவப் பொங்கல். பானைக்கு மஞ்சள் கொத்து கட்டியதிலிருந்து பொங்கி இறக்கியது வரை எல்லாம் சத்துணவு அக்காவின் கைதான். முந்திரிக்கு மட்டும் பண்ருட்டியில் பஞ்சமே கிடையாது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அம்மா கொடுத்தனுப்பியதாக ஒரு பை பருப்பு கொண்டுவந்தாள். கொட்டை உடைக்கப் போகிற அம்மா. தோல் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் கறுத்துப்போன கைகளை இந்த ஊரில் எத்தனை பார்த்திருக்கிறேன்! அந்தப் பருப்பைத்தான் முதலில் நெய்யில் வறுத்துப் போடச் சொன்னேன்.

மதியம் விடைத்தாள் கட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்தோம். பி.டி. சார்தான் ஆரம்பித்தார். தேனிப் பக்கத்துக்காரர், ஜூனில் மாறுதலாகி வந்தவர். "நம்ம எல்லாரும் பொங்கல்தான் வைக்கிறோம். உங்க வீட்ல மட்டும் இருக்கிறது என்ன, அதச் சொல்லுங்க."

கணக்கு டீச்சர் சிதம்பரம். அவர் வீட்டில் பொங்கலுக்கு முன்பே பண்டிகை தொடங்கிவிடுமாம். மூலவரான நடராஜரே தேரேறி வீதிக்கு வருவது ஆனியிலும் மார்கழியிலும் மட்டும்தான். இந்த வருஷம் 12ஆம் தேதி தேர். 13ஆம் தேதி ஆருத்ரா தரிசனம். போகியும் அன்றைக்கே. அவர் மாமியார் பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் தனித்தனியாக வறுப்பாராம். சேர்த்து வறுத்தால் பருப்பு கருகி, களி கசந்துபோகும். கூட எழுகறிக் கூட்டு. "காய் எது மாறினாலும் மாறட்டும், பச்சை மொச்சை இல்லாம எங்க அத்தை அடுப்பையே பத்த வைக்க மாட்டாங்க."

அறிவியல் சாருக்கு விருத்தாசலம் பக்கம். வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில் பெருவிழா ஜனவரியில்தான் வரும். பொங்கல் கரும்பில் இரண்டு கழி எடுத்துவைத்து, தேர் பார்க்கப் போகும்போது அதைத் தின்றுகொண்டே நடப்பது அவர் வீட்டு வழக்கம்.

ஆங்கில டீச்சர் பரங்கிப்பேட்டை. பெருநாளைப் பற்றிச் சொல்வார் என்று பார்த்தால் மாசி மகத்தைச் சொன்னார். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக்கு வரும்போது அங்குள்ள தர்கா சார்பில் மாலை மரியாதை செய்வார்கள். அதைப் பார்க்க அவர் நன்னி பேரப்பிள்ளைகளை வருஷம் தவறாமல் கூட்டிப் போவாராம். "விருந்தாளி வர்றாங்க, வாசல்ல நிக்க வேணாமான்னு கேப்பாங்க டீச்சர்."

இதையெல்லாம் எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் இருக்கிற பண்டிகை எங்கும் போய்விடாது. பருப்பைத் தனியாக வறுப்பதும் கரும்பில் இரண்டு கழி எடுத்துவைப்பதும் வீட்டில் யாரோ ஒருவரின் மனசில் மட்டும் இருக்கின்றன. திருவதிகையில் என் ஆயா, தை முதல் நாள் விடியலில் கெடிலத்து மணல் ஒரு கை எடுத்துவந்து புது அடுப்புக்கு அடியில் போடுவார். ஏனென்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நாலு திக்கிலிருந்தும் வந்து ஓர் அறையில் உட்காருகிறவர்கள் நாங்கள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால், ஒரு வீட்டில் அறுந்துபோவது இன்னொரு வீட்டிலாவது நிற்கும்.

பாத்திரம் கழுவிவிட்டு வந்த சத்துணவு அக்கா நிலைப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். "ஆத்துத் திருவிழாவ ஒருத்தரும் சொல்லலியே. தை அஞ்சு, சனிக்கெழம. எல்லாரும் எங்க ஊருக்கு வந்துடுங்க."

யாரும் உடனே பேசவில்லை. அக்கா வீடு கண்டரக்கோட்டைப் பக்கம், தென்பெண்ணைக் கரையோரம்.

ஜனவரி 13, திங்கள்

களி கிண்டினேன். தனித்தனியாகவே வறுத்தேன். நன்றாக வந்தது. பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

ஜனவரி 15, புதன்

பி.டி. சார் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினார். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் பிறந்த நாள் இன்று. பாலார்பட்டியில் அவருக்காகவே பொங்கல் வைக்கிறார்கள். 1895இல் திறந்த அணை. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிடுகிறவர்கள், கட்டிய மனிதரை இன்றும் வீட்டுப் பெரியவராக நினைத்துக் கும்பிடுகிறார்கள். பெண்கள் வரிசையாகப் பானையோடு நிற்கும் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 18, சனி

17ஆம் தேதியும் அரசு விடுமுறை விட்டதால் பொங்கல் இந்த வருஷம் நீண்டுவிட்டது. மற்ற ஊர்களில் காணும் பொங்கலோடு பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். எங்களுக்கு இன்றுதான் முடிகிறது. கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் கரைக்குக் கரை திருவிழா.

பி.டி. சார் ராத்திரி பஸ் ஏறிக் காலையில் நேரே கண்டரக்கோட்டைக்கே வந்துவிட்டார். ஆற்று மணலில் கால் வைக்க இடமில்லை. சுற்று ஊர்ச் சாமிகளெல்லாம் டிராக்டரிலும் மினி லாரியிலும் ஜோடித்து வந்து வரிசையாக நின்றன. மேளமும் பம்பையும் ஒன்றையொன்று முந்தின. தீர்த்தவாரி முடிந்ததும் அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ள ஒரே நெரிசல். அந்தப் பக்கம் ராட்டினம், வளையல் கடை, பொரி, கரும்பு, குவியல் குவியலாகச் சிறுவள்ளிக்கிழங்கு.

கிழங்கு வாங்காமல் ஆற்றைவிட்டு யாரும் ஏறுவதில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் இதையே சீராகக் கொடுத்தனுப்புகிறவர்கள் உண்டு. வேகவைத்துத் தோலை உரித்தால் மாவு மாவாக உதிரும். எங்கள் மாமியார் வீட்டில் அன்று இரவுச் சாப்பாடே அதுதான்.

அக்கா புளிச்சோறு கட்டி வந்திருந்தார். மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எதிர்க்கரையில் சாய்ந்த கருவேலங்கள் இன்னும் அப்படியே கிடந்தன. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, டிசம்பர் 2 விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, இந்த ஆறு இரண்டு கரையையும் மீறி ஊருக்குள் போனது. அக்கா வீட்டில் முழங்கால் அளவுக்குச் சேறு. எங்கள் பிள்ளைகள் பலருக்குப் புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"இவ்வளவு பண்ணின ஆத்துக்கா வந்து கும்பிடுறீங்க?" என்று பி.டி. சார் மெதுவாகக் கேட்டார்.

அக்கா அவர் இலையில் இன்னொரு பிடி சோறு வைத்தார். "அது வந்துச்சு, போச்சு சார். நாம வந்து பாக்கலன்னா எப்புடி? எங்க கெணத்துல தண்ணி ஊறுறது இதுலதான?"

2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோதும் இதையேதான் கண்டேன். பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன, கரண்ட் இல்லை, அப்போதும் தை ஐந்தாம் நாள் ஜனங்கள் ஆற்றுக்கு வந்தார்கள். இழந்தவர்களைச் சொந்தக்காரர்கள் தேடி வந்து பார்க்க ஒரு நாள் வேண்டும். அந்த நாளை நாம் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. முன்னோர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று மணலில் அக்காவைத் தேடி வந்த உறவுகளை எண்ணி மாளவில்லை. ஒருவர் அரிசி மூட்டை தூக்கி வந்தார்.

பி.டி. சார் மூன்று கிலோ கிழங்கு வாங்கினார். தேனிக்கு அனுப்பப் போகிறாராம்.

ஜனவரி 20, திங்கள்

எட்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: வீட்டில் மூத்தவரிடம் கேட்டு, உங்கள் வீட்டில் மட்டும் இருக்கிற ஒரு பண்டிகை வழக்கத்தை, அதன் காரணத்தோடு எழுதி வா. காரணத்தைக் கேட்க மறக்காதே என்று கரும்பலகையில் அடிக்கோடு போட்டேன்.

மதியம் ஆசிரியர் அறையில் மாசி மகத்துக்கு ஏற்பாடு. மார்ச் 12, புதன்கிழமை. நோன்பு மாதம் வேறு. கிள்ளையில் சாமி பார்த்துவிட்டு மாலையில் பரங்கிப்பேட்டையில் டீச்சர் வீட்டில் நோன்புக் கஞ்சி குடிப்பதாகப் பேச்சு. அரைநாள் விடுப்புக்கு எச்.எம்.மிடம் நான் கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். சத்துணவு அக்காவும் வருகிறார்.