தறிச் சத்தமும் தேவை நெகிழ்ச்சியும்

2020 ஆகஸ்ட் 5
திங்கட்கிழமை முதல் கல்லூரிகளுக்கு இணையவழி வகுப்பு என்று அரசு அறிவித்தது, வகுப்பும் ஓடத் தொடங்கிவிட்டது. ஏப்ரலில் மத்திய உள்துறை ‘ஜூம் பாதுகாப்பானதல்ல’ என்றதிலிருந்து நாங்கள் கூகுள் மீட்டில்தான். பையன்களுக்கு அதில் மனக்குறை. இலவச ஜூம் 40 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். “அதுதான் சார் நல்லாயிருந்துச்சு” என்று ஒருவன் முகத்துக்கு நேராகவே சொன்னான். முகம் எங்கே தெரிந்தது, சொன்னான், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 19
கேமராவை யாரும் திறப்பதில்லை. மரியாதைக் குறைவு என்று துறையில் புலம்பல். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியை இன்று கேள்வி கேட்டேன். மைக்கைத் திறந்ததும் விசைத்தறிச் சத்தம்தான் வந்தது. சங்கரன்கோவில் பக்கம், வீட்டோடு தறி. அவள் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. மைக்கை மூடிவிட்டு முழுப் பதிலையும் சாட்டில் தங்கிலீஷில் தட்டினாள். பிசகில்லாத பதில். பிறகு போனில் கேட்டால், “ஒரே ரூம் சார், அப்பா பனியனோட நிப்பாங்க, கேமராவ எப்படி ஆன் பண்ண?” என்கிறாள். இனி கேமராவைத் திறக்கச் சொல்வதாக இல்லை.

செப்டம்பர் 23
விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்கிற தேவை நெகிழ்ச்சிப் பாடத்தை நடத்தினேன். புத்தகத்தில் உப்பும் காரும்தான் உதாரணம். நடுவில் ஒருவன் சாட்டில், “சார், எலுமிச்சைக்கு எப்படி?” என்றான். புளியங்குடியில் கமிஷன் கடையில் சாக்குக்கு எடை போட்டுக்கொண்டே, ஒரு காதில் இயர்போனோடு வகுப்பில் இருக்கிறான். காலையில் ஏலம் போன விலையையும் எழுதினான். விலை இறங்கினாலும் வீட்டுக்காரர்கள் கூடுதலாக வாங்குவதில்லை, ஊறுகாய்க் கம்பெனிக்காரன்தான் அள்ளுகிறான் என்றான். அரை மணி நேரம் அதிலேயே ஓடியது. வருகைப் பதிவுக்கு மட்டும் உள்ளே நுழைந்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று இவனைப் போன்றவர்களைத் திட்டுகிறோம். 75 சதவீதம் வேண்டுமே, நுழையாமல் என்ன செய்வார்கள்? போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களும் உண்டு. ‘சரி, முடிச்சுக்கலாம்’ என்ற பிறகும் நாலு பெயர் திரையில் அப்படியே நிற்கும்.

2021 ஜனவரி 11
ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று தமிழக முதல்வர் அறிவித்திருக்கிறார். வகுப்புக் குழுவில் ஒரே கைதட்டல் பொம்மைகள். ஃப்ரீ ஃபயருக்கு வழி பிறந்தது என்றும் ஒரு கிண்டல். மலையடிவாரத்துப் பையன் ஒருவன் மட்டும், “டவரையும் குடுப்பாங்களா சார்?” என்று கேட்டிருக்கிறான்.

பிப்ரவரி 10
கல்லூரி திறந்தாயிற்று. மாஸ்க்குக்கு மேலே கண்ணெல்லாம் சிரிப்பு. கட் அடிக்கிற கோஷ்டிகூட முதல் பெல்லுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சாட்டில் கேள்வியாய்க் கொட்டியவர்கள் வாயே திறக்கவில்லை. தறி வீட்டுப் பெண் கடைசி பெஞ்சில். கேள்வி கேட்டதும் பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கிறாள். முன்பெஞ்சு வழக்கம்போலப் பேசிக்கொண்டிருக்கிறது. ஆன்லைன் பிடிக்குமா, நேரடி வகுப்பு பிடிக்குமா என்று படிவம் கொடுத்துக் கேட்கிறார்கள். யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தல்லவா பதில்?

நவம்பர் 16
மதுரையில் மாணவர்கள் மறியல். நடுவில் மறுபடி கல்லூரியை மூடிப் பாடத்தை ஆன்லைனில் நடத்திவிட்டு, தேர்வு மட்டும் நேரிலா என்று கேட்கிறார்கள். ஆன்லைன் தேர்வு கேட்பது பார்த்து எழுதத்தான் என்கிறார் மூத்த பேராசிரியர். அந்த ஆசையும் இருக்கும். ஆனால் கேள்வியில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. சிக்னல் இல்லாமல் பாதிப் பாடம் கேட்டவனையும் ஹாலில் உட்கார வைத்து முழுத் தாளை நீட்டுகிறோம்.

2022 பிப்ரவரி 24
கடைசியில் ஆன்லைன் தேர்வுதான். ஸ்கேன் செய்த விடைத்தாள்கள் வருகின்றன. ஒன்றில் பாதிக்கு மேல் கையெழுத்தே மாறியிருந்தது, அக்கா உதவியிருப்பாள். எலுமிச்சைக் கடைப் பையன் சொந்தக் கையால் கோணல்மாணலாக எழுதி, நெகிழ்ச்சிக்கு மண்டி விலையையே உதாரணம் காட்டியிருக்கிறான். தறி வீட்டுப் பெண்ணிடமிருந்து செய்தி: “சார், கிளாஸ் காலேஜ்லயே இருக்கட்டும். டவுட்டுக்கு மட்டும் நைட் ஒன்பது மணிக்கு மீட் போடுங்க. அப்பதான் தறி நிக்கும்.” வெள்ளிக்கிழமைதோறும் போடலாம் என்று பதில் எழுதினேன்.