சால்டர் முடிகிற இடம்

மேசையில் ஒழுங்காக ஓடிய ரோபோ போட்டித் தளத்தில் மூன்றாவது வளைவிலேயே நின்றுவிட்டது. வலப்பக்க மோட்டாரின் ஒயர் அறுந்திருந்தது. பையன் வைத்த சால்டர் பளபளவென்று அப்படியே இருந்தது. அதை ஒட்டி, சால்டர் முடிகிற இடத்தில்தான் முறிவு.

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவன் என் நண்பரின் மகன். அவனை அழைத்துக்கொண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போனேன். வண்டிகளுக்கு ஒயர் ஹார்னஸ் கட்டும் சிறிய பட்டறை ஒன்றில் பல வருடங்களாகக் கிரிம்ப் அடிக்கும் அக்கா ஒருவரிடம் நண்பர் சொல்லி வைத்திருந்தார்.

அறுந்த முனையை அக்கா வாங்கி விரலால் மடக்கிப் பார்த்தார்.

“சால்டர் உள்ள ஏறியிருக்கு தம்பி. இது இப்ப ஒயர் இல்ல, கம்பி.”

முறுக்கு ஒயர் வளைவதற்குக் காரணம் அதன் மெல்லிய இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகி, இழைகளின் இடுக்கில் தானாக ஏறி, ரப்பர் உறைக்குள்ளும் போய்விடுகிறது. உறைந்ததும் எல்லாம் ஒரே தண்டு. மோட்டார் அதிரும்போது தண்டு வளைவதில்லை. வளைவு முழுவதும் அது முடிகிற இடத்தில் விழுகிறது.

பிறகு அவர் குறடைக் கையில் எடுத்தார். சால்டர் இல்லாமல், உலோக டெர்மினலை ஒயர் முனையில் அழுத்திக் கவ்வவைப்பதே கிரிம்ப். டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன்ஜோடி செம்பைக் கவ்வும், பின்ஜோடி உறையைக் கவ்வி இழுவிசையைத் தாங்கும். ராட்செட் வைத்த குறடு முழுதாக அழுத்தும்வரை வாய் திறக்காது. சரியான அழுத்தத்தில் செம்பும் டெர்மினலும் காற்றுகூடப் புகாதபடி இறுகுவதால், உள்ளே துரு பிடிக்க வழியில்லை. பையன் இதுவரை மூக்குப் பிளையரால்தான் நசுக்கியிருக்கிறான், அதுவும் இழைக்குச் சால்டர் பூசிவிட்டு. அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. வெள்ளீயம் மென்மையானது, அழுத்தத்தில் மெல்ல மெல்ல விலகிக்கொடுக்கும், பிடி தளர்ந்துவிடும் என்றார்.

அதற்காகச் சால்டரை அவர் ஒதுக்கவில்லை. மோட்டாரின் தகட்டில் சால்டர்தான். பேட்டரிக்குப் போடும் எக்ஸ்டி60 கனெக்டரின் குழிகளும் சால்டருக்காகவே செய்தவை. ஆனால் வைத்த பிறகு சுருங்கு குழாய் மாட்டி, ஒயரை ரோபோவின் உடம்போடு டையால் கட்டிவிட வேண்டும். ஆடுகிற, கழற்றி மாட்டுகிற முனை எல்லாம் கிரிம்ப். மோட்டாரில் குட்டை ஒயரைச் சால்டர் வைத்து, மறுமுனையில் கிரிம்ப் கனெக்டர் போட்டு அவரே செய்து கொடுத்தார்.

இவ்வளவு தெரிந்த கைக்கு எண்ணிக்கைக் கூலி. வேலை தரும் கம்பெனிக்கும் அக்காவுக்கும் நடுவே ஒரு ஒப்பந்தக்காரர் இருக்கிறார். ஒரு முறைகூடக் குறடு பிடிக்காத அவர் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதே இவர் சம்பளம். கழிவானவற்றுக்கு மட்டும் பிடித்தம் இவரிடம்தான். ஓடுகிற வண்டியின் விளக்கு அணையாமல் இருப்பது இந்தக் கைகளால். அந்தக் கூலி முழுதாக அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒரு கை எதற்கு?

ரோபோ செய்யும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தாவது, தங்கள் டெர்மினலுக்குப் பொருந்தும் ராட்செட் குறடு ஒன்று வாங்குங்கள். கிரிம்ப் அடித்த ஒவ்வொரு ஒயரையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.