பிரெட், டபுள் ரொட்டி, பாண்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் கல்யாண வீடுகளில் பிரியாணியோடு பரிமாறப்படும் பிரெட் அல்வாவில் பாதிப் பெயர் ஆங்கிலம். பழைய ஆங்கிலத்தில் 'பிரெட்' முதலில் துண்டு என்றே பொருள்பட்டிருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. ரொட்டிக்கு அன்று வழங்கிய சொல் 'ஹ்லாஃப்'. அதுவே இன்றைய 'லோஃப்'. பிரபுவைக் குறிக்கும் 'லார்ட்' கூட 'ரொட்டியைக் காப்பவர்' என்ற கூட்டுச்சொல் தேய்ந்து பிறந்ததுதான். சோறிடுபவரே தலைவர் என்ற எண்ணம் அதில் எவ்வளவு அழகாகத் தங்கியிருக்கிறது! சப்பாத்தியும் ரொட்டிதான் என்பதால், உருது பேசும் வீடுகளில் உப்பிய பேக்கரி ரொட்டிக்கு டபுள் ரொட்டி என்று தனிப்பெயர். தமிழின் 'ரொட்டி' இந்துஸ்தானி வழி வந்தது. இலங்கைத் தமிழரின் பாண், மும்பையின் பாவ் இரண்டும் ஒரே போர்ச்சுகீசியச் சொல்லின் பிள்ளைகள்.