அழுகைக்கு மருந்து

2024ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறையில், பத்தொன்பது மாதம் நிரம்பிய பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நானும் என் துணைவியும் கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு ஆகாய விமானத்தில் போய்வந்தோம். இதிலென்ன விசேஷம், நாள்தோறும் எத்தனையோ பேர் போய்வருகிறார்களே என்று அன்பர்கள் கேட்கலாம். விசேஷம் ஒன்றுமில்லைதான். ஆனால் போகும்போது என் சட்டைப் பையில் ஒரு மருந்துப் புட்டி இருந்தது. அந்தப் புட்டியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

எங்கள் இருப்பிடம் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். நான் அங்கே தொழிற்சாலையில் கிராணி. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் பக்கத்து வீட்டு அக்கா அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். சளிக்குக் கொடுக்கிற மருந்து. குடித்தால் தூக்கம் வரும். "தம்பி, ஏறுவதற்கு அரைமணி முன்னே அரைக்கரண்டி கொடுத்துவிடு. ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் பிள்ளை கண் திறக்காது. நீயும் யாரிடமும் பேச்சு வாங்க வேண்டாம்" என்றார். கெட்ட எண்ணத்தால் சொன்னவரல்லர். தம் பிள்ளைகளை அவ்வாறே கொண்டுசென்று அவ்வாறே கொண்டுவந்தவர். அவர் சொன்னவற்றுள் அந்தக் கடைசி வார்த்தையே என்னைப் பிடித்துக்கொண்டது.

பேச்சு வாங்குவது என்றால் நமக்கு எவ்வளவு அச்சம்! கல்யாணப் பந்தலில் பிள்ளை அழுதால் வெளியே தூக்கிப் போகலாம். பேருந்தில் அழுதால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். விமானத்தில் எங்கே போவது? ஏறக்குறைய நாலு மணி நேரம், நூற்றெண்பது பேர், ஒரே கூடு. குழந்தை வாய் திறந்ததும் முன்வரிசைத் தலைகள் திரும்புகின்றன. அத்தலைகள் தகப்பனைப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், தாயைத்தான் பார்க்கின்றன. பிள்ளையை அடக்கத் தெரியாதவள் என்ற பட்டம் அவளுக்கே சூட்டப்படுகிறது. தகப்பன் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாலும் குறை சொல்வார் இல்லை.

என் தாயாரிடம் இந்த அச்சத்தைச் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் 1954ஆம் ஆண்டில், ஒரு வயதுக் குழந்தையாக, நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். 1926 முதல் 1973 வரை நம்மவரை அங்குமிங்கும் ஏற்றி இறக்கிய கப்பல் அது. தளத்தில் பாய் விரித்துப் படுத்த கூட்டத்தில் ஒரு பிள்ளை அழுதால் பத்துப் பெண்கள் கை நீட்டுவார்களாம். அவருக்கு அது நினைவிருக்க நியாயமில்லை. தம் தாயார் சொல்லக் கேட்டது. இதனால் கப்பற்காலம் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வாந்தியும் நாற்றமும் நெரிசலும் நிறைந்த பயணம் அது. முன்னாட்களில் கரை சேர்ந்த பிறகும் ஜெரஜாக் தீவின் தொற்றுத் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்தவர்கள் உண்டு. ஆயினும் அந்தத் தளத்தில் குழந்தையின் அழுகை குற்றமாக எண்ணப்படவில்லை. எண்ணுவதற்கு யாருக்கும் தகுதியில்லை. எல்லோர் மடியிலும் ஒன்று இருந்தது.

நிற்க. புறப்பட்ட நாளன்று விடியற்காலையில் வேனில் மலையிறங்கினோம். தானா ராத்தா கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்திலிருக்கிறது, தாப்பாவோ சமவெளி. இடையிலே அறுபது கிலோமீட்டர் தூரம் பாம்புபோல் நெளிகிற பாதை. 1931இல் அப்பாதை மேலே வந்து சேர்ந்த நாள் முதலாக அதைச் சபிக்காமல் இறங்கியவர் எவரும் இரார். ரிங்லெட்டைத் தாண்டி, லாத்தா இஸ்கந்தார் அருவியை நெருங்கியபோது குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. எங்களோடு வேனில் வந்த ஓய்வுபெற்ற டிரசர் ஒருவர், "காது அடைத்திருக்கிறது, தண்ணீர் கொடுங்கள்" என்றார். நாலு மடக்கு விழுங்கியதும் அழுகை நின்றது. தாப்பா சேரும்வரை அவர் எனக்குப் பாடம் நடத்தினார்.

செவிப்பறைக்குப் பின்னே ஒரு சிறிய காற்றறை இருக்கிறது. அவ்வறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு, தொண்டையின் மேல்பாகத்துக்கு, ஒரு மெல்லிய குழல் செல்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த யூஸ்டாக்கி என்னும் உடற்கூற்று அறிஞரின் பெயரால் வழங்குவது அது. மேலே ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. அறைக்குள்ளிருக்கும் காற்று அக்குழல் வழியே தானாகக் கசிந்துவிடும். இறங்கும்போதுதான் வம்பு. வெளியே அழுத்தம் கூடுகிறது. உள்ளே காற்று நுழைந்தாக வேண்டும். குழலோ மூடிக் கிடக்கிறது. செவிப்பறை உட்புறமாக அமுங்கி வலியெடுக்கிறது. எதையேனும் விழுங்கினால் குழல் திறக்கும். கொட்டாவி விட்டாலும் திறக்கும். நமக்கு இது தெரியும், குழந்தைக்குத் தெரியாது. மேலும் குழந்தையின் குழல் குட்டையானது, குறுகலானது, சாய்வின்றிப் படுத்தவாக்கில் அமைந்தது. சளி பிடித்திருந்தால் வீங்கி இன்னும் அடைத்துக்கொள்ளும். மலைக்குளிரில் வளரும் நம் பிள்ளைகளில் மூக்கு ஒழுகாத பிள்ளை எது?

விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே அடைத்து வைத்திருக்கும் காற்று ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையின் காற்றுக்கு ஒப்பானதாம். நம் பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,031 மீட்டர்; அடிக்கணக்கில் ஆறாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். ஆகவே காதைப் பொறுத்தமட்டில் விமானமேறுவது பிரிஞ்சாங் உச்சிக்கு ஏறுவது போலத்தான். இறங்குவதில்தான் வேற்றுமை. தாப்பாவுக்கு வளைந்து வளைந்து இரண்டு மணி நேரத்தில் இறங்குகிறோம். விமானம் அரைமணி அளவில் இறங்கிவிடுகிறது. "இறங்கும் சமயத்தில் பிள்ளையைத் தூங்கவிடாதீர்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும். குடிக்க ஏதாவது கொடுங்கள். குடிக்காமல் அழுதால் அழட்டும், அழுகையும் குழலைத் திறக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் தாப்பாவில் இறங்கிக்கொண்டார்.

பையிலிருந்த புட்டியை அவரிடம் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. காட்டாததிலிருந்தே என் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது விளங்கும்.

சிப்பாங் விமான நிலையத்தில் விடுமுறைக் கூட்டம். வரிசையில் நின்று நின்று சலித்த குழந்தை தரையில் புரண்டு அழுதது. முன்னால் நின்ற ஒருவர் தம் நண்பரிடம், எங்கள் காதில் விழும்படியாகவே, "இன்றைக்குத் தூக்கம் போச்சு" என்றார். அவ்வளவுதான். நான் புட்டியை எடுத்துக் கரண்டியில் ஊற்றியும்விட்டேன். என் துணைவி புட்டியை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் படித்தாள். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் கொடுக்கலாகாது என்று பொடியெழுத்தில் அச்சிட்டிருந்தது. "இவளுக்கு இன்னும் இரண்டாகவில்லை" என்று மட்டும் சொன்னாள். கரண்டியிலிருந்ததையும் புட்டியிலிருந்ததையும் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன்.

அதிலிருந்த சரக்கின் பெயர் புரோமெத்தசீன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் சிலர் அதனால் மூச்சு ஒடுங்கி இறந்ததை அடுத்து, அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2004இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன்மேல் பொறிக்கச் செய்தது என்று ஊர் திரும்பிய பிறகு அறிந்தேன். அந்த அரைக்கரண்டியை இப்போது நினைத்தாலும் என் கை நடுங்குகிறது. அதுவுமன்றி, இறங்கும் நேரத்தில் எந்தப் பிள்ளை விழித்திருந்து விழுங்க வேண்டுமோ அந்தப் பிள்ளையை உறங்கவைப்பதற்கல்லவா அதைக் கையிலெடுத்தேன்!

பிள்ளையை மருந்திட்டு அடக்குவது புதுவழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் காட்ஃபிரே கார்டியல் என்ற அபின் கலந்த பானகம் கடைதோறும் விற்றது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த தாய்மார் அபின் உருண்டையைப் புகட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கூலியை விட்டால் சோறில்லை. நம் தோட்டங்களில் ஆயாக்கொட்டகை என்று ஒன்றாவது இருந்தது. அதன் குறைகள் வேறு கதை. எனக்கோ என்ன முடை? முன்வரிசைக்காரரின் தூக்கம் கெடக்கூடாது என்பது ஒன்றுதான்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை கிடையாது. என் இடுப்பு வாரோடு ஒரு சிறு வாரைக் கோத்து மகளைக் கட்டிக்கொண்டேன். விமானம் ஏறும்போது சிணுங்கியவள் பிறகு தானாகவே உறங்கிப்போனாள். கடலைக் கடக்கும்வரை ஒரு தொல்லையுமில்லை. இறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. அப்போதும் அவள் என் மார்பில் முகம் புதைத்து அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். உறங்குகிற பிள்ளையைத் தட்டியெழுப்பி அழவைப்பதற்கு எவ்வளவு மனத்திண்மை வேண்டுமென்பதை அன்றுதான் கண்டேன். எழுப்பினோம். தண்ணீரைத் தட்டிவிட்டாள். பாலைத் துப்பினாள். பின்பு, மலையில் ஒரு கோடியில் அழுதால் மறுகோடிக்குக் கேட்கும் குரலில் அழத் தொடங்கினாள். எதிர்பார்த்த தலைகளெல்லாம் தவறாமல் திரும்பின.

சன்னலோரத்தில் ஓர் இளைஞர் இருந்தார். புதுக்கோட்டைப் பக்கம்; கிள்ளானில் ஓர் உணவுக்கடையில் வேலை. நான் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் அவரைப் பார்த்தேன்.

"அழட்டும் அண்ணே. எனக்கும் ஒரு பையன் இருக்கிறான். நான் வரும்போது ஆறு மாதம். ரெண்டு வருசமாக அவன் அழுகிற சத்தத்தைப் போனில்தான் கேட்கிறேன்" என்றார் அவர்.

சொல்லிவிட்டுத் தம் பயணச்சீட்டால் முகத்தை மறைத்து மறைத்துக் காட்டினார். மூன்றாந்தரம் அவள் அழுகைக்கு நடுவிலே நிறுத்திப் பார்த்தாள். நாலாந்தரம் அவர் நீட்டிய கோப்பையிலிருந்து தண்ணீர் குடித்தாள். என்னிடம் வாங்கிக்கொள்ளாதவள் அவரிடம் குடித்தாள். பிறகு பெரிதாக ஒரு கொட்டாவி. சக்கரங்கள் தரையைத் தொட்டபோது அவள் அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பிய மறுநாளே அக்கா புட்டியைக் கேட்டு வந்தார். கொட்டிவிட்டேன் என்று காரணத்தையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிற்று. "என் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றார். "ஆகவில்லை அக்கா" என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு நாள் அவர் எங்களோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் தம் மகளை அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. ஆண்டிறுதி விடுமுறையில் சென்னைக்குப் பயணம். டிரசர் சொன்ன காதுக்குழல் விஷயத்தை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். அதுவே சற்று நீண்டு இக்கட்டுரையாயிற்று.