கப்பல் விருந்துக்குப் பட்டுப்புடவை போதும்

உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "கோட்டு சூட்டு இல்லாட்டி சாப்பிட விடமாட்டாங்களாமே?" என்பதுதான். பட்டினி போட மாட்டார்கள், பயப்படாதீர்கள்!

கறாரான கப்பல்களும் உண்டு. 2004 முதல் ஓடும் குவீன் மேரி 2-இல் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போனால், மாலை 6 மணிக்கு மேல் எல்லோரும் நேர்த்தியாக உடுத்த வேண்டும். 'காலா' எனப்படும் சிறப்பு விருந்து இரவுகளில் ஆண்களுக்கு டக்சீடோவோ அடர்நிற சூட்டோ. வேண்டாம் என்பவர்களுக்கு பஃபே திறந்தே இருக்கும். மாறாக, நார்வீஜியன் கப்பல் நிறுவனம் 2000-இலேயே இந்த உடைக் கட்டாயத்தைக் கைவிட்டுவிட்டது.

நம் பெண்களுக்குக் கவலையே இல்லை. பட்டுப்புடவை எந்த கவுனுக்கும் சளைத்ததல்ல. அதற்காகக் கல்யாணப் புடவையைச் சுமக்காதீர்கள். மெல்லிய பட்டு போதும். மேல்தளத்தில் காற்று முந்தானையைப் பிடுங்கும், ஊக்கு குத்தியே ஆகவேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் ஏசி நடுக்கும், ஒரு சால்வை இருக்கட்டும். தீ பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் அயர்ன் பாக்ஸை அறைக்குள் அனுமதிப்பதில்லை. வீட்டிலேயே தேய்த்து மடித்துவிடுங்கள்.

முதல் இரவுக்குப் பகட்டு வேண்டாம். பெட்டி அறைக்கு வந்து சேரவே நேரமாகும் என்பதால், அன்று சாதாரணமாக வருவதுதான் பழைய வழக்கம்.

அண்ணன்மார்களே, பட்டுவேட்டி கட்ட ஆசையா? தேசிய உடையை ஏற்கும் கப்பல்கள் இருக்கின்றன. டிக்கெட் போடும்போதே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.