எற்பாட்டு வெளிச்சத்தில் ஒரு ஸ்லைடு சுருள்

ஸ்லைடு ஃபிலிமை நெகட்டிவுக்குரிய மருந்தில் கழுவுவதைக் 'கிராஸ் பிராசஸிங்' என்பர். ஸ்லைடுக்குரிய ஈ-6 முறையில் முதலில் கறுப்பு-வெள்ளை உரு தோன்றும். அதில் சேராது எஞ்சிய வெள்ளி உப்பு உள்ள இடங்களே பின்னர் நிறம் பெற்று, கண்ட காட்சியைக் கண்டவாறே தரும். நெகட்டிவுக்குரிய சி-41 மருந்தோ ஒளி பட்ட இடத்தையே நேராக நிறமாக்கிவிடும். கிடைப்பது நெகட்டிவ், அதுவும் வழக்கமான ஆரஞ்சுப் பூச்சு அற்றது. அச்சிட்டால் நிழல் கறுக்கும், வெளிச்சம் வெளுக்கும், நிறங்கள் சுருளுக்குச் சுருள் ஒவ்வொரு பக்கம் சாயும்.

செங்கல்பட்டு நண்பர் ஒருவரின் தந்தையார் மறைந்தபின் அவருடைய அலமாரியில் இரண்டு ஸ்லைடு சுருள்கள் இருந்தன. ஒன்று எடுத்து முடித்தது, மற்றது எடுக்காதது. நண்பரிடம் இருந்ததோ சி-41 மருந்து மட்டும். (அதற்கு 37.8 டிகிரி வெப்பம் வேண்டும். சித்திரையில் எங்கள் ஊர்க் குழாய்நீருக்கு அடுப்பு அதிகம் தேவைப்படாது.) இரண்டையும் கழுவிவிடலாம் என்றார். தமிழ்த்துறையினர் நாங்கள் இருவர் மறுத்தோம். ஸ்லைடு எடுப்போர் வெளிச்சம் வெளுத்துவிடாதிருக்க ஒளியைச் சற்றுக் குறைத்தே கொடுப்பர்; அது நெகட்டிவானால் நிழலில் ஒன்றும் இராது. மேலும், அவர் கண்ட நிறத்தை மாற்ற நாங்கள் யார்? நீண்ட வாதத்துக்குப்பின் அச்சுருள் ஈ-6 கழுவும் வெளியூர்க் கூடத்துக்கு அஞ்சலில் போயிற்று.

மற்றதுடன் மாமல்லபுரம் சென்றோம். 100 ஐ.எஸ்.ஓ. சுருளை, காலாவதியானதாதலால், 50 என்று வைத்து ஒரு ஸ்டாப் கூட்டினோம். இராசசிம்மன் எடுப்பித்த கடற்கரைக் கோயிலின் பெரிய சன்னதி கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேரே அறையும். பிற்பகலிலோ அம்முகம் நிழலில் அமர்ந்து, கடல்மேல் வானத்தின் மெல்லொளியை மட்டும் வாங்கும். நெய்தலின் சிறுபொழுதாகிய எற்பாடு. அதற்குக் காலை என்று பொருள் கொண்டாரும் உண்டு. எங்கள் லைட் மீட்டர் மாலைக் கட்சி.

வெயிலில் எடுத்த நான்கு படங்களில் விமானம் சுண்ணாம்பாய்க் கரைந்துவிட்டது. நிழலில் எடுத்தவற்றில் கல் பாசிபிடித்த பச்சை, வானம் வெளிர்மஞ்சள். ஆயினும் உப்புக்காற்று அரித்துத் தின்ற தூணடிச் சிங்கங்களின் பிடரிமயிர், நேரில் கண்டதைவிடத் தெளிவாகப் படிந்திருந்தது. இவ்வகையில் உண்டாகும் சாயம் விரைவில் மங்கக்கூடும் என்பதால் உடனே ஸ்கேன் செய்துகொண்டோம்.

பின்னர் முதற்சுருள் வந்தது. ஊதா ஏறியிருந்தது. கொளவாய் ஏரிக்கரையில் ஒரு மிதிவண்டி.

"அக்காவுடையது. சிவப்புதான். பச்சை என்று அம்மா இன்றும் சாதிக்கிறார்" என்றார் நண்பர்.